தமிழ்ப் பக்கங்களைப் படிக்க, அச்சிட, கண்காணிக்க: காசில்லாத கருவிகள்

பக்கங்களைப் பிறகு படிக்கச் சேமித்து வைக்கும் பாக்கெட் சேவையை மொசில்லா 2025 ஜூலை 8 அன்று நிறுத்தியது. 2007-இல் 'ரீட் இட் லேட்டர்' என்ற பெயரில் தொடங்கிய சேவை அது. அதற்கு முன் 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் போனது, 2016-இல் ரீடபிலிட்டி போனது. ஒவ்வொரு முறையும், பிறகு படிக்கலாம் என்று அங்கே குவித்து வைத்தவர்கள்தான் அவசர அவசரமாகப் பட்டியலை இறக்கி எடுக்க வேண்டியிருந்தது. அதனால் எந்த இலவசக் கருவியை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நாளைக்கு இது மூடப்பட்டால் நம் கையில் என்ன மிஞ்சும்? கீழே சொல்லியிருப்பவை அந்தக் கேள்வியில் தேறியவை. தமிழ் எழுத்தோடு இவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே காலை வாருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

படிப்பதற்குத் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. பயர்பாக்ஸில் முகவரிப் பட்டையின் வலப்பக்கம் காகிதம் போன்ற ஒரு சின்னம் தெரியும். அதை அழுத்தினால், அல்லது விண்டோஸில் எஃப்9 விசையைத் தட்டினால், விளம்பரமும் பக்கவாட்டுப் பெட்டிகளும் மறைந்து கட்டுரை மட்டும் நிற்கும். எட்ஜ் பிரவுசரிலும் அதே எஃப்9தான். குரோமில் பக்கத்தின் மேல் வலது கிளிக் செய்தால் வாசிப்பு முறை என்ற தேர்வு வரும். எழுத்தின் அளவைக் கூட்டுவதோடு வரி இடைவெளியையும் ஒரு படி கூட்டிக்கொள்ளுங்கள். தமிழில் 'கி', 'கீ' மேலே ஏறும், 'பு', 'கூ' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளியில் தமிழ் வரிகள் ஒன்றை ஒன்று உரசுகின்றன.

சில பக்கங்களில் அந்தச் சின்னம் வரவே வராது. கவிதைப் பக்கங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். பயர்பாக்ஸ் பக்கத்தில் உள்ள பத்திகளின் நீளத்தைப் பார்த்துத்தான் "இது கட்டுரை" என்று முடிவு செய்கிறது. 140 எழுத்துக்குறிக்குக் குறைந்த பத்திகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாலைந்து சொல்லில் வரி முடிகிற கவிதை அந்த வடிகட்டியில் தேறாது. முகப்புப் பக்கங்களுக்கும் இதே கதிதான்: இணைப்புகள் நிறைய இருக்கும், பத்தி இருக்காது. கட்டுரையின் சொந்தப் பக்கத்துக்குப் போனால் சின்னம் வந்துவிடும்.

கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்றால் எட்ஜில் கண்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பக்கத்தை உரக்கப் படிக்கும். குரல் தேர்வுகளில் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர், இலங்கைத் தமிழுக்குக் குமார், சரண்யா, சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு, மலேசியாவுக்குக் கனி, சூர்யா என்று நாடு வாரியாகவே இருக்கின்றன. வேகத்தை முதலில் சற்றுக் குறைத்து வையுங்கள். நீண்ட புணர்ச்சிச் சொற்கள் அப்போதுதான் காதில் பிரிந்து விழும். இவை இணைய இணைப்பு இருந்தால்தான் பேசும். வாசிப்பு முறைக்குள் நுழைந்த பிறகு இதைத் தொடங்குவது நல்லது, இல்லாவிட்டால் மெனுவில் உள்ள சொற்களையும் படித்துக்கொண்டே போகும்.

அச்சிடுவதில்தான் காகிதமும் மையும் வீணாகின்றன. பெரும்பாலும் காரணம், கண்ட்ரோல்-பி அழுத்தியதும் அடுத்த நொடியே அச்சிடு பொத்தானை அழுத்துவது. 'மேலும் அமைப்புகள்' என்பதைத் திறந்து மூன்றைப் பாருங்கள். காகித அளவு ஏ4 என்று இருக்கிறதா? பிரவுசர் அமெரிக்க அமைப்பில் இருந்தால் லெட்டர் என்று இருக்கும். லெட்டர் 216 × 279 மில்லிமீட்டர், ஏ4 210 × 297. அகலம் 6 மில்லிமீட்டர் கூடுதல், உயரம் 18 குறைவு. பிரிண்டர் "காகிதம் பொருந்தவில்லை" என்று நின்றுவிடுவதும் ஓரத்து எழுத்து வெட்டுப்படுவதும் இதனால்தான். அடுத்து, பின்னணிப் படங்கள் என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். வண்ணப் பின்னணி கொண்ட பக்கம் ஒன்றே மைப்பெட்டியைக் கரைத்துவிடும். மூன்றாவது, தலைப்பு, அடிக்குறிப்பு வரிகள். பலர் இதை அழகுக்காக நீக்குகிறார்கள். நான் வைத்திருக்கச் சொல்வேன். பக்கத்தின் முகவரியும் அச்சிட்ட தேதியும் அதில்தான் விழுகின்றன. ஆறு மாதம் கழித்து அந்தத் தாளைக் கையில் எடுக்கும்போது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேறு வழி இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. தமிழில் அமைந்த முகவரிகள் அச்சில் சதவீதக் குறிகளாகச் சிதறும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக எழுதப்படும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஐந்தை ஒன்பதால் பெருக்கினால் 45 எழுத்து! நீளமான தலைப்பு உள்ள விக்கிப்பீடியா பக்கத்தின் முகவரி தாளின் அடியில் பாதியில் அறுந்துபோவது இதனால்தான். விக்கிப்பீடியாவில் கருவிகள் பட்டியலில் குறுகிய உரலி, அதாவது சுருக்கிய முகவரி, பெறும் வசதி உண்டு. அதை எடுத்துத் தாளின் மேல் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

முழுப் பக்கமும் வேண்டாம், நாலு பத்தி போதும் என்றால் அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுக் கண்ட்ரோல்-பி அழுத்துங்கள். குரோமில் 'தேர்ந்தெடுத்தது மட்டும்' என்ற பெட்டி கூடுதலாக வரும். பயர்பாக்ஸில் அச்சு முன்னோட்டத்திலேயே, வாசிப்பு முறை கிடைக்கிற பக்கங்களுக்கு, 'எளிமையாக்கியது' என்ற வடிவம் இருக்கிறது. இன்னும் நுணுக்கமாக வெட்ட வேண்டும் என்றால் பிரிண்ட்ஃப்ரெண்ட்லி தளம். முகவரியை ஒட்டினால் சுத்தமான முன்னோட்டம் வரும். வேண்டாத பத்தியின் மேல் சுட்டியைக் கொண்டுபோய்க் கிளிக் செய்தால் அது போய்விடும், தவறிப் போனதை மீட்கவும் பொத்தான் உண்டு. படங்களின் அளவைக் குறைக்கலாம், மொத்தமாகவே நீக்கலாம். சமையல் குறிப்பு, செய்முறை விளக்கம் போன்றவற்றுக்கு இதைவிட வசதியானது இல்லை.

படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுப் பெட்டி அச்சாகிறதா? பல தளங்கள் நாம் கீழே உருட்டும்போதுதான் படத்தை இறக்குகின்றன. கடைசி வரை ஒரு முறை மெதுவாக உருட்டிவிட்டு மேலே வந்து அச்சிடுங்கள்.

இனி பிடிஎஃப். தமிழ் வாசகர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான், எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திரையில் 'கொக்கு' என்று பார்க்கிறோம். கணினிக்குள் அது ககரம், அதன் பின் ஒகரக் குறி என்ற வரிசையில் இருக்கிறது. காட்டும்போது மட்டும் கொம்பு முன்னால் போகும், கால் பின்னால் நிற்கும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத மென்பொருள் பிடிஎஃப் தயாரித்தால் கொம்பு தவறான பக்கத்தில் நிற்கும், அல்லது எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். பிரவுசரின் அச்சுப் பெட்டியில் 'பிடிஎஃப் ஆகச் சேமி' என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கோளாறு வராது; திரையில் எழுத்தை வரைகிற அதே இயந்திரம்தான் அங்கும் வேலை செய்கிறது. தன் சர்வரில் பிடிஎஃப் தயாரித்துக் கொடுக்கும் தளங்களை ஒரு பக்கம் சோதித்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

பார்வைக்குச் சரியாக இருக்கும் பிடிஎஃப்பிலும் இன்னொரு கோளாறு ஒளிந்திருக்கலாம். அதிலிருந்து 'கொக்கு' என்ற சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். 'ெகாக்கு' என்று விழுந்தால், அந்தக் கோப்பு எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைத்திருக்கிறது என்று பொருள். அதில் கண்ட்ரோல்-எஃப் போட்டு 'கொக்கு' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஐந்நூறு பிடிஎஃப் சேர்த்து வைத்துவிட்டு, ஒரு சொல்லைத் தேடி எடுக்க முடியாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு! ஆகவே தாளுக்குப் போவது என்றால் பிடிஎஃப். சேமித்து வைத்துத் தேடுவது என்றால் பக்கத்தை எச்டிஎம்எல் ஆகவே வைத்திருங்கள்.

அதற்குச் சிங்கிள்ஃபைல் என்ற எக்ஸ்டென்ஷன் போதும். குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் இருக்கிறது, திறந்த மூல மென்பொருள். சின்னத்தை ஒரு முறை கிளிக் செய்தால் படங்கள், வடிவமைப்பு எல்லாம் உள்ளடங்கிய ஒரே கோப்பு டவுன்லோடு ஃபோல்டரில் வந்து விழும். இணையம் இல்லாமலே எந்த பிரவுசரிலும் திறக்கும். தமிழ் எழுத்து யூனிகோடாகவே இருப்பதால் தேடலும் நகலும் பிசகாது. படங்கள் அதிகமுள்ள பக்கம் என்றால் கோப்பு பல எம்பி ஆகும். வேண்டிய பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் வெகுவாகக் குறையும்.

நம்மிடம் ஒரு பிரதி இருப்பது நமக்கு. "அந்தப் பக்கத்தில் அன்று இப்படி இருந்தது" என்று மற்றவருக்குக் காட்ட இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் வேண்டும். 1996-இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய அமைப்பு; வேபேக் 2001 முதல் பொதுப் பயன்பாட்டில் இருக்கிறது. 'சேவ் பேஜ் நவ்' பெட்டியில் முகவரியை ஒட்டிச் சேமித்தால் நிலையான ஒரு முகவரி கிடைக்கும். அதன் நடுவில் 14 இலக்கம் இருக்கும்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. அது உலகப் பொது நேரம். இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். இரவு எட்டு மணிக்குச் சேமிக்கப்பட்டதாகக் காட்டினால் நமக்கு அது மறுநாள் அதிகாலை ஒன்றரை. தேதியை வைத்து வாதாடும்போது இந்த ஒரு நாள் வித்தியாசம் முக்கியம். சேமித்ததும் அந்த முகவரியைத் திறந்து பாருங்கள். லாகின் கேட்கும் பக்கங்களும், ஸ்கிரிப்ட் ஓடிய பிறகே உரையைக் கொண்டுவரும் பக்கங்களும் வெறுமையாகப் பதிவாவதுண்டு. அங்கேயே 'சேஞ்சஸ்' என்ற பகுதியில் இரண்டு தேதிப் பிரதிகளை அருகருகே வைத்தால், நீக்கியது மஞ்சளிலும் சேர்த்தது நீலத்திலும் தெரியும்.

வேபேக்கில் பழைய தமிழ்த் தளங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை போலத் தெரியலாம். பக்கம் கெட்டுப்போகவில்லை, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருக்கிறது. பாமினி என்ற அத்தகைய எழுத்துருவில் 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். உரையை நகலெடுத்து என்எச்எம் கன்வர்ட்டரில் ஒட்டி, மூலக் குறியாக்கமாக பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். முதல் இரண்டு வரியிலேயே எது சரி என்று தெரிந்துவிடும்.

ஒரு தளத்தில் புதிதாக என்ன வந்தது என்று பார்க்க ஓடைதான், அதாவது தளம் தன் புதிய பதிவுகளைத் தானே பட்டியலிட்டுத் தரும் ஆர்எஸ்எஸ் ஃபீட்தான், இன்னும் நம்பகமான வழி. தமிழ் வலைப்பதிவுகள் திரட்டிகளால் வளர்ந்ததே இந்த ஓடைகளை நம்பித்தான். ஃபீட்லி என்ற ஓடை வாசிப்பானில் இலவசக் கணக்குக்கு 100 ஓடை வரை இடம் உண்டு. தளத்தின் முகவரியை ஒட்டினாலே பெரும்பாலும் ஓடையைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால், வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரிக்குப் பின் ஒரு சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள். பிளாக்கர் என்றால் ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபால்ட் என்ற மூன்று சொல்லும் சாய்கோட்டால் பிரித்து, எல்லாம் சிறிய எழுத்தில். தலைப்பும் இரண்டு வரியும் மட்டுமே வந்தால் உங்கள் பக்கம் தவறில்லை; பதிவர் குறு ஓடையாக வைத்திருக்கிறார்.

ஓடையே இல்லாத பக்கங்கள்தான் தொல்லை. தேர்வு அறிவிக்கை, ஒப்பந்தப்புள்ளி, பல்கலைக்கழகச் சுற்றறிக்கை எல்லாம் அந்த ரகம். இதற்கு டிஸ்டில் எக்ஸ்டென்ஷன். பக்கத்தைத் திறந்து, சின்னத்தை அழுத்தி, பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் கண்காணிக்கும் தேர்வை எடுங்கள். அறிவிப்புப் பட்டியல் உள்ள கட்டத்தை மட்டும் கிளிக் செய்யுங்கள், முழுப் பக்கத்தை அல்ல. பார்வையாளர் எண்ணிக்கை, இன்றைய தேதி, ஓடும் செய்தி வரி ஆகியவை ஒவ்வொரு முறையும் மாறும். முழுப் பக்கத்தையும் கண்காணித்தால் வெற்று எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும், மூன்றாம் நாள் நீங்களே அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவீர்கள், உண்மையான அறிவிப்பும் அதில் போய்விடும். நிபந்தனையில், சேர்க்கப்பட்ட உரையில் குறிப்பிட்ட சொல் இருந்தால் மட்டும் சொல் என்று வைக்கலாம். இடைவெளி ஒரு மணி நேரம் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டினால் சில தளங்கள் உங்களைத் தடுத்துவிடும். உங்கள் கணினியில் ஓடும் கண்காணிப்பு பிரவுசர் திறந்திருக்கும்போதுதான் வேலை செய்யும் என்பதை மறக்க வேண்டாம். தளத்தைப் புதுப்பித்துக் கட்டினால், தேர்ந்தெடுத்த கட்டம் காணவில்லை என்ற பிழை வரும். மறுபடி ஒரு முறை தேர்ந்தெடுக்க வேண்டியதுதான்.

எந்தத் தளத்தில் வரும் என்றே தெரியாத செய்திக்குக் கூகுள் அலர்ட்ஸ். தமிழில் வேற்றுமை உருபுதான் இதைக் கெடுக்கிறது. 'தாமிரபரணி' என்று மேற்கோள் குறிக்குள் வைத்தால் 'தாமிரபரணியில்', 'தாமிரபரணிக்கு' என்று வரும் செய்திகள் தப்பிப்போகலாம். மூன்று நான்கு வடிவங்களையும் தனித்தனி மேற்கோளில் வைத்து, இடையில் 'அல்லது' என்று பொருள்படும் ஆர் (OR) என்ற ஆங்கில இணைப்புச் சொல்லைப் பெரிய எழுத்தில் போடுங்கள். மொழியைத் தமிழ் என்று கட்டாமல் 'எந்த மொழியும்' என்றே விடுங்கள், தமிழ்ச் சொல்லே வடிகட்டிவிடும். எங்கே அனுப்ப வேண்டும் என்ற இடத்தில் மின்னஞ்சலுக்குப் பதில் ஆர்எஸ்எஸ் ஓடை என்று மாற்றினால் இதுவும் ஃபீட்லிக்குள் வந்துவிடும்.

ஓடைப் பட்டியலை மாதம் ஒரு முறை ஓபிஎம்எல் கோப்பாக இறக்கி, சிங்கிள்ஃபைல் கோப்புகள் இருக்கும் அதே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். நூறு ஓடைக்கும் சேர்த்துச் சில பத்து கேபிதான் வரும். ஃபீட்லி நாளைக்கே மூடினாலும், வேறு எந்த ஓடை வாசிப்பானில் அந்தக் கோப்பை ஏற்றினாலும் அதே பட்டியல் திறக்கும்.