பழைய டயரும் மழை டிராக்கும்

செப்டம்பர் 1, 2024 – ஞாயிறு

தீவுத்திடலில் இரவுப் பந்தயம் நடந்து முடிந்தது. தினமும் பஸ்ஸும் ஆட்டோவும் போகிற சாலையில் ஃபார்முலா 4 கார்கள் சீறின. நேற்று மழையால் தாமதம் ஆனபோது, அவ்வளவுதான், நடக்காது என்றே நினைத்தேன். நடந்தது. சென்னைக்காரனாக மனசு நிறைந்தது.

அப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். கல்லூரி நாட்களில் சோழவரம் பந்தயத்துக்குப் பஸ் ஏறிப் போனவர் அவர். அது போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் கட்டி, 1990இல் அது திறக்கும்வரை, இந்த ஊரில் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான்.

சொல்ல வந்தது வேறு. இருங்காட்டுக்கோட்டையில் புதியவர்களுக்கான டிராக் டே (பந்தய டிராக்கில் ஓட்டிப் பழகுகிற நாள்) ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டேன். சொந்தக் காரிலேயே ஓட்டலாம். என்னுடையது அப்பாவிடமிருந்து வந்த 2013 மாடல் ஸ்விஃப்ட். ஏபிஎஸ், அதாவது பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற வசதி, கிடையாது. அது இந்தக் கதையில் முக்கியம்.

செப்டம்பர் 8 – ஞாயிறு

இன்று முழுக்க டயர் ஆராய்ச்சி.

பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. அப்பா ரிட்டயர் ஆன பிறகு கார் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும்தான் போய் வந்தது. அளவுகோலை வைத்துப் பார்த்தால் நான்கு டயரிலும் பள்ளம் 5 மி.மீ. அளவுக்கு இருக்கிறது. சட்டப்படி 1.6 மி.மீ. இருந்தால் போதும். அம்பத்தூர் மெக்கானிக் அண்ணன் குனிந்து ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "பட்டன் இவ்ளோ இருக்கு தம்பி, இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும்" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. நம் ஊரில் எல்லோருமே பட்டனை, அதாவது டயரின் மேல் பள்ளங்களுக்கு நடுவே நிற்கிற ரப்பர் மேடுகளைத்தான் பார்ப்போம்.

பார்க்க வேண்டிய இன்னொன்று டயரின் பக்கச்சுவரில் இருக்கிறது: நான்கு இலக்கம். என்னுடையதில் 2316. அதாவது 2016ஆம் வருடத்தின் 23ஆவது வாரம் தயாரானது. எட்டு வருடம் ஆகிவிட்டது.

ரப்பர் ஓடினால்தான் கெடும் என்பதில்லை. நிறுத்தி வைத்தாலும் கெடும். காற்றில் இருக்கிற ஆக்சிஜன், ஓசோன், அதற்கு மேல் நம் வெயில். கூரை இல்லாத இடத்தில் எட்டுக் கோடைகள் நின்ற கார் இது. ரப்பரை மென்மையாக வைத்திருக்கிற எண்ணெய்கள் மெல்ல வெளியேறிவிடும். உள்ளே இருக்கிற பிணைப்புகள் இறுகிக்கொண்டே போகும். புது டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் ஒரு தடம் விழுந்து மறையும். இதில் நகம் வளைகிறதே தவிர தடம் விழவில்லை. பள்ளங்களுக்கு அடியில் முடி போல மெல்லிய வெடிப்புகளும் தெரிந்தன.

காய்ந்த தரையில் இது பெரிதாகத் தெரியாது. ஈரத்தில்தான் தெரியும். காய்ந்த தரையில் ரப்பர் தாரோடு ஒட்டுகிறது. நடுவில் ஒரு படலம் தண்ணீர் வந்ததும் அந்த ஒட்டுதல் பெரும்பாலும் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது, தாரில் துருத்தி நிற்கிற ஜல்லி முனைகளின் மேல் ரப்பர் அமுங்கி, நிமிர்ந்து, அந்த அசைவில் கிடைக்கிற பிடி மட்டும். இறுகிப்போன ரப்பர் ஜல்லிக்கு நடுவே இறங்காது. மேலாகவே போகும். மழையில் டயர் சூடும் ஆகாது, தண்ணீர் சூட்டை எடுத்துக்கொண்டு போய்விடும். ஆக, இறுகிய ரப்பர் ஓட ஓட இளகும் என்ற வழியும் இல்லை.

மாலையில் டிராக் டே பயிற்சியாளருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பக்கச்சுவரில் புடைப்பு இருக்கிறதா, வெடிப்புக்குள் நூலோ கம்பியோ தெரிகிறதா என்று கேட்டார். இரண்டும் இல்லை. "சரி, இதுலயே வாங்க. ஸ்ட்ரெய்ட்ல நூறைத் தாண்டக் கூடாது, அது மட்டும் எனக்கு வாக்கு குடுங்க" என்றார்.

செப்டம்பர் 22 – ஞாயிறு, இரவு

கை இன்னும் நடுங்குகிறது. சந்தோஷத்தில்தான்.

காலை பூந்தமல்லி தாண்டி, லாரிகளுக்கு நடுவே ஸ்ரீபெரும்புதூர் சாலையில் போய்ச் சேர்ந்தேன். பரிசோதனையில் பிரேக், பேட்டரி, இழுவைக் கொக்கி, டயர் எல்லாம் பார்த்தார்கள். ஹெல்மெட், முழுக்கை பருத்திச் சட்டை. 3.717 கி.மீ. நீளம், 12 வளைவுகள். காலை முழுக்கக் காய்ந்த டிராக்கில் வழி கற்றுக்கொண்டோம். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை, எல்லோரும் சொல்வது போலத்தான் இருந்தது.

மதியத்துக்கு மேல் மேற்கே கறுத்தது. செப்டம்பரில் நமக்கு மழை அந்தப் பக்கமிருந்துதான் வரும். முதல் தூறல் விழுந்ததும் நான் ஹெல்மெட்டை எடுத்தேன். பயிற்சியாளர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். தூறல் ஆரம்பிக்கிற நேரம்தான் மோசமாம். தரையில் இருக்கிற தூசி, ரப்பர் துகள், எண்ணெய்க் கசிவு எல்லாம் தண்ணீரோடு குழைந்து மேலே மிதக்கும். நல்ல மழை கொஞ்ச நேரம் பெய்து அதைக் கழுவிவிட்டால் பிடி கொஞ்சம் திரும்பும். டிராக் ஓரத்தில் நின்று கொடி காட்டுகிற மார்ஷல்கள் மஞ்சளில் சிவப்புப் பட்டை போட்ட கொடியை நீட்டிக்கொண்டிருந்தார்கள். தரை வழுக்குகிறது என்று பொருள்.

பிறகு அவர் இடது பக்கம் ஏறிக்கொள்ள, கிளம்பினோம். டிராக்கில் ஜன்னல் இறக்கியிருக்க வேண்டும் என்பதால் வலது கை முழுக்க நனைந்தது. முன் கண்ணாடியில் ஆவி படிந்தது, ஏசியைப் போட்டு விலக்கினோம்.

"காலைல போன வழிய மறந்துடுங்க" என்றார் முதலில். வளைவின் உள் முனையைத் தொட்டு வெளியே வருகிற அந்த வழியில்தான் எல்லாக் கார்களின் ரப்பரும் படிந்து தரை வழவழவென்று ஆகியிருக்கிறது. காய்ந்தால் அது நல்ல பிடி, நனைந்தால் சோப்பு. அதனால் மழையில் அந்தக் கறுத்த தடத்தை விட்டு விலகி, சொரசொரப்பான தாரைத் தேடிப் போக வேண்டும். வளைவை வெளிப்பக்கமாகச் சுற்றி, நடுவில் மட்டும் ஒருமுறை தடத்தைக் குறுக்கே கடந்து போனோம். ஓரத்தில் பெயின்ட் அடித்த கர்ப் (விளிம்புத் திட்டு) பக்கமே போகக் கூடாது.

அடுத்தது பிரேக். ஏபிஎஸ் இல்லாத கார், இறுகிய டயர். பிரேக்கைத் திடீரென மிதித்தால் முன்சக்கரம் அந்தக் கணமே நின்றுவிடும், கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகும். பிரேக்கில் பாதத்தை மெல்ல இறக்கி, காரின் எடை முன்னே சாய்கிற வரை காத்திருந்து, அப்புறம்தான் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். சக்கரம் நின்றுவிட்டால் காலைக் கொஞ்சம் தளர்த்தி உருள விட்டு மறுபடி பிடிக்க வேண்டும்.

எனக்கு மிகப் பெரிய ஆச்சரியம் சத்தம். காலையில் காய்ந்த வளைவுகளில் டயர் கீச்சிட்டுச் சொல்லிவிடும், இதற்கு மேல் என்னால் முடியாது என்று. ஈரத்தில் அது வாயே திறக்கவில்லை. காது பயன்படாது. உள்ளங்கையில் ஸ்டீயரிங்கின் கனம் குறைவது ஒன்றுதான் தகவல். கனம் குறைந்தது, மூக்கு நேராகவே போனது. இன்னும் திருப்பத்தான் கை பரபரக்கும். திருப்பினால் எதுவும் நடக்காது. கொஞ்சம் நேராக்கி, ஆக்சிலேட்டரைச் சற்றே குறைத்து, ஒரு மூச்சு பொறுத்தால் முன்சக்கரம் மீண்டும் தரையைப் பிடிக்கிறது. அந்த ஒரு மூச்சுப் பொறுமைக்காகவே மதியம் முழுக்க ஓட்டியது போல இருந்தது.

மெதுவான ஒரு வளைவில், சுற்றிலும் வெற்றிடம் இருக்கிற இடமாகப் பார்த்து, நடுவளைவில் ஆக்சிலேட்டரை மொத்தமாக விடச் சொன்னார். விட்டேன். எடை முன்னே போய், பின்பக்கம் லேசாகி, வால் வெளியே கிளம்பியது. "போற திசையப் பாருங்க, புல்லப் பாக்காதீங்க" என்று கத்தினார். பார்வை போன பக்கம் கை தானாகப் போனது. கார் இரண்டு தரம் தலையாட்டி நேரானது. அப்போது வேகம் 40ஐ ஒட்டித்தான் இருக்கும்.

நேர்ப்பாதையில் தண்ணீர் தேங்கிய ஓர் இடம். 80 சுமாரில் அதற்குள் போனதும் என்ஜின் சத்தம் திடீரென ஏறியது, ஸ்டீயரிங் வெறுங்கையில் இருப்பது போல ஆனது. அரை விநாடி இருக்கலாம். அவர் முன்பே சொல்லி வைத்திருந்ததால் பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலேட்டரைக் குறைத்தேன். சி1 என்கிற வேகமான முதல் வளைவுக்கு வெகு முன்னாலேயே வேகத்தை இறக்கிக்கொண்டுதான் போனோம்.

செப்டம்பர் 23 – திங்கள்

ஆபீஸில் வேலை ஓடவில்லை. காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் டயரின் அகலம் 165 மி.மீ. தரையில் படுவது 130 என்று வைத்துக்கொள்வோம். 80 கி.மீ. வேகத்தில், 3 மி.மீ. ஆழத் தண்ணீரில், ஒரு டயர் ஒரு விநாடிக்கு ஒன்பது லிட்டரை ஒட்டி ஒதுக்கித் தள்ள வேண்டும். முக்கால் குடம் தண்ணீர், ஒவ்வொரு விநாடியும், ஒவ்வொரு டயருக்கும். பள்ளம் அதற்குத்தான். ஒதுக்க முடியாதபோது தண்ணீர் டயருக்கு அடியில் ஆப்பு போல நுழைந்து தூக்கிவிடுகிறது.

1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்துக் கண்டுபிடித்த ஒரு சூத்திரம் இருக்கிறது. தேய்ந்த டயர் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கி.மீ. கணக்கில், பி.எஸ்.ஐ. (டயர் காற்றழுத்தத்தை அளக்கிற அலகு) அளவின் வர்க்கமூலத்தை 16.6ஆல் பெருக்கினால் கிடைக்கும். 36 பி.எஸ்.ஐ. என்றால் 100 கி.மீ. 25 என்றால் 83. மழைக்குக் காற்றைக் குறைத்தால் பிடி வரும் என்று டிராக்கிலேயே ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதை ஏற்க மாட்டேன். காற்றைக் குறைத்தால் டயர் இன்னும் சீக்கிரம் மிதக்கும், நடுப் பள்ளங்களும் மூடிக்கொள்ளும்.

பிரேக் கணக்கு இன்னும் கவலை தந்தது. உராய்வு எண் (டயருக்குத் தரையில் கிடைக்கிற பிடியின் அளவு) 0.9 உள்ள காய்ந்த தரையில் 80இலிருந்து நிற்க 28 மீட்டர். அது 0.4க்கு இறங்கினால் 63 மீட்டர். யோசிக்கிற நேரம் இதில் சேரவே இல்லை.

கிளம்பும்போது பயிற்சியாளர் சொன்னது இது: புதிதாகக் கற்பவருக்குப் பழைய டயரும் மழையும்தான் நல்ல ஆசிரியர், புது டயரில் 90இல் தெரிவது இதில் 45இல் தெரிந்துவிடும். பாதி ஒப்புக்கொள்கிறேன். டிராக்கில் எதிரே வண்டி வராது, சாலையைக் கடக்கிறவர் இல்லை, வழுக்கினால் போக இடம் இருக்கிறது. ஆனால் பாடம் முடிந்ததும் அதே டயரில்தான் நான் இருட்டில், மழையில், லாரிகளோடு வீட்டுக்கு வந்தேன். அந்த முப்பது சொச்சம் கிலோமீட்டரில் ஒரு பயிற்சியாளரும் பக்கத்தில் இல்லை.

அக்டோபர் 11 – வெள்ளி

ஆயுத பூஜை. காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தோம். அம்மா கற்பூரம் காட்டும்போது நான் டயரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றிவிடுவதாக அப்பாவிடம் சொன்னேன். "பட்டன் இருக்கேப்பா" என்றார். நான்கு இலக்கத்தைக் காட்டி விளக்கினேன். நகத்தை அழுத்திப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்தார். வாங்கிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 15 – செவ்வாய்

கொட்டுகிறது. வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், 2015 வெள்ளம் மறக்கவில்லை யாருக்கும். வீட்டிலிருந்தே வேலை. கார் வெளியே எடுக்கவில்லை.

அக்டோபர் 19 – சனி

டயர் கடை. கடைக்காரரோடு அரை மணி நேரம் வாக்குவாதம், கடைசியில் நல்ல மனிதராகத்தான் பழகினார்.

"ஃப்ரன்ட் வீல் டிரைவ் சார், முன்னாடி ரெண்டு மட்டும் மாத்துங்க, செலவு பாதி" என்றார். பல கடைகளில் இதுதான் சொல்வார்கள். டயர் கம்பெனிகள் சொல்வது நேர் எதிர்: இரண்டுதான் வாங்குகிறீர்கள் என்றால் நல்லது பின்னால். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஆக்சிலேட்டரைக் குறைத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழலும், பழக்கம் இல்லாதவரால் அதைப் பிடிக்க முடியாது. அன்று 40இல், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியதால் பிடித்தேன். இதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் வாடிக்கையாளர் யாரும் டிராக்கில் வால் ஆட்டிவிட்டு வந்ததில்லை போல, ஆர்வமாகக் கேட்டார்.

நான்கும் புதிது வாங்கினேன், ஸ்டெப்னிக்கும் ஒன்று. தயாரிப்புத் தேதியைப் பார்த்துத்தான் எடுத்தேன். முதலில் எடுத்து வந்தது ஒன்றரை வருடம் கிடங்கில் கிடந்தது, திருப்பி அனுப்பினேன். இப்போது போட்டிருப்பது 3124. புது டயரின் மேல் அச்சிலிருந்து பிரிய விடுகிற பூச்சு இருக்கும், அது போகும்வரை சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும். தீபாவளிக்குத் திருநெல்வேலி போய் வந்தால் முடிந்துவிடும். அடுத்த டிராக் டே அதற்குப் பிறகுதான்.

பழைய டயர்களை அங்கேயே போட்டுவிட்டுப் போகச் சொன்னார், பட்டன் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் விலையும் கழிப்பதாகச் சொன்னார். யாருக்குப் போகும் என்று கேட்டேன். டாக்ஸி ஓட்டுகிறவர்கள் வாங்கிப் போவார்களாம். விலை வேண்டாம், பக்கச்சுவரை வெட்டிவிடுங்கள் என்றேன். தயங்கினார். நகத்தை அழுத்திப் பார்க்கச் சொன்னேன், வெடிப்புகளை டார்ச் அடித்துக் காட்டினேன். பையனைக் கூப்பிட்டு ஆக்ஸா பிளேடு கொண்டுவரச் சொன்னார். நான்கையும் வெட்டி முடித்த பிறகுதான் பில்லுக்குப் பணம் கொடுத்தேன்.