நாலு வருஷப் புத்தகங்களை விற்ற அனுபவம்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து முடித்தவர்களிடம் மிஞ்சும் புத்தகங்களில் எது நல்ல விலைக்குப் போகும் என்று கேட்டால், பெரும்பாலும் தடித்த அட்டை போட்ட வெளிநாட்டு ஆசிரியர் புத்தகத்தைத்தான் காட்டுவார்கள். விற்றுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல விலைக்குப் போவது டேட்டா புக், அதாவது கணக்குகளுக்குத் தேவைப்படும் எண்களையும் சூத்திரங்களையும் அட்டவணைகளாகத் தொகுத்த புத்தகம். பி.எஸ்.ஜி. டிசைன் டேட்டா புக், வெப்பப் பரிமாற்றத்துக்கான டேட்டா புக், ஸ்டீம் டேபிள் என்ற நீராவி அட்டவணை ஆகியவற்றைத் தேர்வறைக்குள் கொண்டுபோக அனுமதி உண்டு. ரெகுலேஷன் எனப்படும் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் எத்தனை முறை மாறினாலும் நீராவியின் எண்கள் மாறப்போவதில்லை, இரும்பின் வலிமையும் மாறப்போவதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. உள்ளே பேனாவால் எதுவும் எழுதியிருக்கக் கூடாது. ஓரத்தில் ஒரு சூத்திரம் எழுதியிருந்தாலும் ஹாலில் சார் பார்த்தால் வாங்கி வைத்துவிடுவார். சுத்தமாக வைத்திருந்த டேட்டா புக் பாதி விலைக்கு மேல் போனது. கிறுக்கி வைத்திருந்ததை யாரும் தொடவில்லை.

2025 கோடையில் படிப்பு முடிந்து ஹாஸ்டலைக் காலி செய்தபோது, எங்கள் வராந்தாவில் இருந்த எல்லாருடைய புத்தகங்களையும் சேர்த்து விற்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு வீடு சென்னையில். மற்றவர்களுக்கு ராமநாதபுரம், தர்மபுரி, திருநெல்வேலி. பஸ்ஸில் துணி மூட்டையோடு புத்தக மூட்டையையும் தூக்கிப்போக யாருக்கும் தெம்பில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் பழைய பேப்பர் கடைக்காரர் தராசோடு ஹாஸ்டல் வாசலுக்கு வந்துவிடுவார், கிலோ கணக்கில் எல்லாம் போய்விடும். அப்படிப் போகக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது.

நாங்கள் 2021இல் சேர்ந்தவர்கள், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் படித்த முதல் செட் மாணவர்கள். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லாம் 2017 ரெகுலேஷன். சீனியர் அண்ணன்கள் ஆசையாகப் புத்தகம் கொடுக்க வந்தார்கள். ஆனால் அவர்களுடைய முதல் செமஸ்டர் கணிதத்தின் பாடக் குறியீடு எம்ஏ 8151, எங்களுடையது எம்ஏ 3151. பாதி பாடம் ஒன்றுதான் என்றாலும் யூனிட் வரிசை வேறு. இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் அவர்களுக்கு இரண்டாம் செமஸ்டரில் வந்தது, எங்களுக்கு மூன்றாவதில். அதனால் முதல் வருடம் எல்லாவற்றையும் புதிதாக வாங்கினோம், வாங்க முடியாதவர்கள் ஜெராக்ஸ் எடுத்தார்கள். எங்கள் வகுப்பில் வீட்டின் முதல் பட்டதாரிகள் நிறையப் பேர். செமஸ்டர் தொடக்கத்தில் மெஸ் பில்லும் புத்தகச் செலவும் சேர்ந்து வரும்போது அவர்கள் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். எங்களுக்குப் பின்னால் அதே ரெகுலேஷனில் இன்னும் மூன்று செட் இருந்தது, அவர்களுக்கு எங்கள் புத்தகம் அப்படியே பொருந்தும். அதைத் தராசில் போட மனசு வரவில்லை.

முதல் வேலை பிரிப்பது. ஹாஸ்டல் அறைகளில் கிடக்கும் புத்தகம் எல்லாம் நம்முடையது என்று நினைத்துவிட வேண்டாம். தலைப்புப் பக்கத்தையும் நடுப்பக்கங்களையும் புரட்டி நூலக முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். நாலு வருடத்துக்கு முன்னால் யாரோ எடுத்து மறந்துபோனவை எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருந்தன. புத்தக வங்கித் திட்டத்தில் எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்குக் கொடுத்த புத்தகங்களும் இருந்தன. அவை படித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டியவை, அடுத்த பிள்ளைக்குப் போக வேண்டியவை. இரண்டையும் முதலில் நூலகத்தில் ஒப்படைத்தோம். பாக்கி எதுவும் இல்லை என்று கல்லூரி தரும் நோ டியூஸ் வாங்கவும் அது உதவியது. முத்திரை உள்ள புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையிலும் வாங்க மாட்டார்கள்.

ஆசிரியர்களுக்குப் பதிப்பகங்கள் இலவசமாக அனுப்பும் ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட மாதிரிப் பிரதிகள் சில இருந்தன. அவற்றையும், ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டுகளையும் விற்பதில்லை என்று முடிவு செய்து, வேண்டியவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளட்டும் என்று தனியாக வைத்தோம். அப்போது ஒரு நண்பன் கேட்டான், வாங்கின புத்தகத்தையே மறுபடி விற்பது காப்புரிமைப்படி சரியா என்று. சரிதான். 1957ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம் புத்தகம் வெளியிடும் உரிமையைச் சொல்லும்போதே ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பிரதிகளை அதிலிருந்து விலக்கி வைக்கிறது. காசு கொடுத்து வாங்கிய பிரதியை நாம் தாராளமாக விற்கலாம். நகல் எடுத்து விற்பதுதான் வேறு விஷயம்.

அடுத்து, ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு மூர் மார்க்கெட் போனேன். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பழைய சிவப்புக் கட்டடம் 1985இல் தீயில் போய்விட்டது. அங்கிருந்த புத்தகக் கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறின. பழைய பாடப்புத்தகம் என்றால் சென்னையில் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இந்த இடம்தான்.

கடைக்காரர் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. “ரெகுலேஷன் என்ன தம்பி?” என்றார்.

“இருபத்தொண்ணுண்ணா.”

“ஃபர்ஸ்ட் இயர் வேணாம். தேர்ட் இயர், ஃபைனல் இயர் இருந்தா வை. கேட் புக் இருந்தா மொதல்ல எடு.”

முதல் வருடப் புத்தகத்தை ஏன் ஒதுக்குகிறார் என்று அப்புறம்தான் விளங்கியது. நாலு வருடத்துக்கு ஒருமுறை ரெகுலேஷன் மாறுகிறது. 2013, 2017, 2021 என்று வந்தால் அடுத்து 2025. புதிதாகச் சேரப்போகும் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டம் மாறும் என்று அந்த மனிதர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். மூன்றாம் வருடப் புத்தகத்துக்கு இன்னும் ரெண்டு மூன்று வருடம் ஆயுள் இருந்தது, முதல் வருடத்துக்கு இல்லை. எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் தோன்றாத விஷயம் இது.

விலை? அறுநூறு ரூபாய் போட்ட புத்தகத்துக்கு எண்பது ரூபாய் சொன்னார். அதையே அவர் இருநூற்றைம்பதுக்கு விற்பார். கேட்டதும் கோபம் வரும், ஆனால் அவர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். வாங்கி வைத்த புத்தகம் ஆறு மாதம் தூசி குடிக்கலாம், ரெகுலேஷன் மாறினால் மொத்தமாக எடைக்குப் போகலாம். அந்தப் பயம் முழுக்க அவருடையது. இன்ஜினியரிங் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வின் பழைய வினாத்தாள் தொகுப்புகளை மட்டும் அங்கே கொடுத்தேன், அவற்றுக்கு மரியாதையான விலை கிடைத்தது. மற்றதைத் திருப்பி எடுத்து வந்தேன். வாங்கப்போகிற ஜூனியருக்கும் விற்கிற எங்களுக்கும் நடுவில் நூற்றெழுபது ரூபாய் இருக்கிறது, அதை நாங்களே பங்கு போட்டுக்கொண்டால் ரெண்டு பேருக்கும் லாபம் என்பது அந்தக் கடையில் நின்றபோது தெளிவானது.

ஜூனியர்களுக்கு விற்பதில் பெரிய தடை காலம்தான். ஜூனில் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவார்கள், அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் என்ன போட்டாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. செமஸ்டர் ஆரம்பித்து கல்லூரியே நடத்தும் முதல் இன்டர்னல் தேர்வின் தேதி வந்தால்தான் புத்தகத் தேடல் தொடங்கும். அதுவரை எங்கள் வீட்டில் வைத்தேன். தரையில் வைக்காமல் பலகை போட்டு, இடையில் காய்ந்த வேப்பிலையும் பாச்சை உருண்டையும் போட்டு வைத்தோம். ராமபாணப் பூச்சி ஒருமுறை நுழைந்தால் பைண்டிங் பசையைத்தான் முதலில் தின்னும். முதுகு பிய்ந்தவற்றை எங்கள் தெரு பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வாங்கினேன். அந்தச் சின்னச் செலவு பலமடங்காகத் திரும்பி வந்தது. பென்சில் கோடுகளை ரப்பர் வைத்து அம்மாவும் தங்கையும் டிவி பார்த்துக்கொண்டே அழித்துக் கொடுத்தார்கள்.

பட்டியல் போடும்போது புத்தகப் பெயரை முன்னால் போடவில்லை. பாடக் குறியீட்டை முன்னால் போட்டேன். சிஇ 3491 ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், எம்இ 3591 டிசைன் ஆஃப் மெஷின் எலிமென்ட்ஸ், எம்இ 3691 ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபர். பிள்ளைகள் தேடுவது அப்படித்தான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் மூன்று படம்: அட்டை, பதிப்பு விவரம் உள்ள பக்கம், இருப்பதிலேயே மோசமான பக்கம். மூன்றாவது படம் போட்டதால் ஒருத்தர்கூட வாங்கிய பிறகு திரும்பி வந்து குறை சொல்லவில்லை.

விலை வைத்த முறையையும் சொல்கிறேன். புத்தகத்தில் அச்சான பழைய விலையை விட்டுவிட்டு இன்றைக்குக் கடையில் என்ன விலை என்று பார்த்தேன். டேட்டா புக்குக்கு அதில் பாதிக்குச் சற்று மேல். ரெகுலேஷன் மாறினாலும் பயன்படும் பொதுவான பாடநூல்களுக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவு. பாடத்திட்டப்படி யூனிட் யூனிட்டாக எழுதி, ரெண்டு மார்க் கேள்வி பதில் சேர்த்து வரும் உள்ளூர் புத்தகங்களுக்குக் கால் பங்கு. தேர்வுக்கு முந்தைய வாரம் இவைதான் கைகொடுக்கும், ஆனால் பாடத்திட்டம் மாறிய அன்றைக்கே செத்துவிடும். இவற்றை நாள் கடத்தாமல் தள்ளிவிடுவது நல்லது.

செமஸ்டர் ஆரம்பித்ததும் ஒரு சனிக்கிழமை கல்லூரிக்குப் பக்கத்து டீக்கடை பெஞ்சில் பரப்பி வைத்தேன். கடைக்கார அண்ணனிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். ஐந்தாம் செமஸ்டர் தம்பி ஒருவன் டிசைன் டேட்டா புக்கை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். “உள்ள எதுவும் எழுதலல்ல அண்ணா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான். “முழுசா பாத்துட்டே வாங்குப்பா, அவசரமில்ல” என்றேன். கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தான். இப்படிக் கவனமாக வாங்குகிறவனைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. செமஸ்டர் செட்டாகக் கட்டி வைத்தவை தனித்தனிப் புத்தகங்களைவிட வேகமாகப் போயின. காசு அடுத்த மாதம் தருகிறேன் என்ற ரெண்டு மூன்று பேருக்கும் கொடுத்தேன், எல்லாரும் தந்துவிட்டார்கள்.

இணையத்தில் ஒரு விளம்பரத் தளத்திலும் போட்டிருந்தேன். அங்கே வந்த ஒரு அழைப்பைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். பேரமே பேசாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறேன் என்றார், உடனே ஒரு க்யூ.ஆர். படம் அனுப்பி, “இத ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் உங்க அக்கவுன்ட்டுக்கு வந்துரும்” என்றார். பணம் பெறுவதற்கு நாம் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம். பின் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். அந்த அழைப்பைத் துண்டித்துவிட்டு எங்கள் குரூப்பிலும் எச்சரித்தேன். முதல் முறை ஆன்லைனில் விற்கும் பிள்ளைகளைக் குறிவைத்துத்தான் இப்படிப் பேசுகிறார்கள். ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும், தாமதித்தால் பணத்தை நிறுத்தி வைப்பது கடினம்.

அதே விளம்பரத்தைப் பார்த்து உண்மையாகவே கேட்டவர்களும் உண்டு. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் படிக்கும் பெண் ஸ்டீம் டேபிளும் தெர்மோடைனமிக்ஸும் கேட்டார். கூரியர் செலவு புத்தக விலையை நெருங்கியது. அப்போதுதான் அஞ்சல் துறையின் கியான் போஸ்ட் கண்ணில் பட்டது. பாடப்புத்தகம் அனுப்புவதற்கென்றே 2025 மே 1 முதல் வந்த சேவை. 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சமாக 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. புத்தகத்தில் அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டும், விளம்பர நோக்கத்தில் அச்சிட்டது கூடாது. தரைவழியில் போவதால் நிதானமாகத்தான் போய்ச் சேரும், அவசரத்துக்கு ஆகாது. மழைக்காக பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மேலே அட்டை வைத்துக் கட்டி அனுப்பினேன். நல்லபடியாகக் கிடைத்தது என்று படம் எடுத்து அனுப்பினார்.

எல்லாம் போனபிறகு முதல் வருடப் புத்தகங்கள் ஒரு கட்டு மிஞ்சின. கடைக்காரர் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அரியர் வைத்திருப்பவர்கள், அதாவது தேறாத பாடத்தை மறுபடி எழுத வேண்டியவர்கள். புது ரெகுலேஷன் வந்தாலும் அவர்கள் தங்களுடைய பழைய பாடத்தைத்தான் எழுத வேண்டும், அந்தப் புத்தகம் கடையில் கிடைப்பது கடினமாகிக்கொண்டே போகும். கணிதத்தில் அரியர் வைத்திருந்த எங்கள் செட் நண்பர்களே சிலர் கேட்டார்கள். எங்கள் குவியலில் ஓரமாகக் கிடந்த எம்ஏ 8151 புத்தகத்தைக்கூட, வேலைக்குப் போய்க்கொண்டே அரியர் எழுதும் ஒரு சீனியர் அண்ணன் தாம்பரத்திலிருந்து வந்து வாங்கிப்போனார். அவரிடம் காசு வாங்கவில்லை.

வந்த பணத்தை யார் புத்தகம் எவ்வளவுக்குப் போனது என்று எழுதி அவரவருக்கு ஜிபேயில் அனுப்பிவிட்டேன். பைண்டிங் செலவை மட்டும் பொதுவில் கழித்தேன். பாடக் குறியீட்டோடு உள்ள பட்டியலை இப்போது மூன்றாம் வருடத் தம்பி ஒருவன் வைத்திருக்கிறான். ஏப்ரலில் ஹாஸ்டல் காலியாவதற்கு முன்பே அறை அறையாகப் போய்ப் புத்தகம் சேர்க்கப்போகிறானாம். பலகையும் மிச்சமிருந்த பாச்சை உருண்டையும் அவனிடமே கொடுத்துவிட்டேன்.