பயனீட்டாளர் நடத்தை தாளில் புள்ளி எங்கே நழுவுகிறது

மலேசியாவில் படிக்காமலே எழுதிவிடலாம் என்று மாணவர்கள் நம்பும் பாடங்களில், மக்கள் எதை, ஏன், எப்படி வாங்குகிறார்கள் என்று பார்க்கும் பயனீட்டாளர் நடத்தைக்கு முதலிடம் கொடுக்கலாம். கடைக்குப் போகாதவர் யார், விளம்பரம் பார்க்காதவர் யார்? அந்தத் தெம்பில் பரீட்சைக்குப் போய், கொள்கையின் பெயர், ஆண்டு, ஐந்து படிகள், ஒரு முக்கோணப் படம் என்று மூன்று பக்கம் நிரப்பிவிட்டு வருவார்கள். 25 புள்ளிக் கேள்விக்கு 12, 13 வரும். எழுதியதில் தவறு இருக்காது. ஆனால் வாங்குகிற ஆள் யாரென்று தெரியாது, விற்கிறவர் அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறார் என்பதும் இருக்காது. ஒவ்வொரு கொள்கைக்கும் இந்த இரண்டையும் கட்டிவைத்துவிட்டால் இந்தப் பாடத்தில் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒரு சொல் சிக்கல். மலாயில் எழுதுபவர்களுக்கு ‘பெங்குனா’ என்ற ஒரே சொல், பொருளைப் பயன்படுத்துபவரையும் குறிக்கும், பயனீட்டாளரையும் குறிக்கும். வாடிக்கையாளர் ‘பெலாங்கான்’. பால் மாவை வாங்குவது அம்மா, குடிப்பது குழந்தை. கடைக்கு அம்மா வாடிக்கையாளர். டப்பாவுக்குள் இருப்பதன் பயனீட்டாளர் குழந்தை. இந்த வேறுபாட்டை விடையின் முதல் இரண்டு வரியில் ஒரு எடுத்துக்காட்டோடு வைத்துவிட்டால், பிறகு வரும் பத்திகளில் ஆள் மாறிப்போகாது. தமிழ்நாட்டுப் புத்தகங்களில் ‘நுகர்வோர்’ என்றிருக்கும். நாம் இங்கே சொல்லும் பயனீட்டாளர்தான் அது, குழம்ப வேண்டாம்.

ஒரு பொருளை வாங்குவதன் ஐந்து படிகள் எல்லாருக்கும் மனப்பாடம்: தேவையை உணர்தல், தகவல் தேடல், மாற்றுகளை ஒப்பிடல், வாங்கும் முடிவு, வாங்கியபின் நடத்தை. எங்கெல், கொல்லாட், பிளாக்வெல் மூவரும் 1968ல் வெளியிட்ட மாதிரியின் வழியாக வந்தது. இதை வரிசையாக எழுதுவது அடிப்படைப் புள்ளிக்குத்தான் உதவும். எந்தப் படியை ஆள் தாண்டிக் குதிக்கிறார், எந்தப் படியில் மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்று காட்டுங்கள். உப்புப் பொட்டலம் வாங்குபவர் முதல் படியிலிருந்து நேராக நான்காவதற்குப் போய்விடுகிறார். அப்படியானால் உப்பு விற்பவர் நீளமான விளம்பர வாசகத்தில் பணம் போட்டுப் பயனில்லை. தட்டில் சரக்கு ஒருநாளும் தீராமல் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு மார்க்கெட்டிங். தட்டு காலியான அன்று பக்கத்து பிராண்டை எடுத்தவர், அடுத்த மாதமும் அதையே எடுக்கக்கூடும்.

எதிர்முனைக்குத் தங்கத்தைப் பார்க்கலாம். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்திலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ ஒரு குடும்பம் மகள் கல்யாணத்துக்கு இரண்டரைப் பவுனில், அதாவது 20 கிராமில், சங்கிலி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான மாணவர்கள் இதைக் கண்ணை மூடிக்கொண்டு ‘சிக்கலான வாங்கும் நடத்தை’ என்று எழுதுவார்கள், விலை அதிகம் என்பதால். வாங்கும் நடத்தைக்கு மார்க்கெட்டிங் பேராசிரியர் ஹென்றி அசேல் சொன்ன நான்கு வகைக்கு இரண்டு அளவுகோல் உண்டு: வாங்குபவரின் ஈடுபாடு எவ்வளவு, பிராண்டுகளுக்கு இடையே வேறுபாடு எவ்வளவு. இரண்டும் அதிகமானால்தான் சிக்கலான வகை. மடிக்கணினி அதற்குச் சரி. இரண்டும் குறைந்தால் உப்பு மாதிரிப் பழக்கத்தில் வாங்குவது. ஈடுபாடு குறைந்து வேறுபாடு அதிகமானால் பிஸ்கட் மாதிரி மாற்றி மாற்றி வாங்கிப் பார்ப்பது. தங்கத்தில் ஈடுபாடு உச்சம். வேறுபாடு? 916 முத்திரை எந்தக் கடையிலும் 916தான், ஆயிரத்தில் 916 பங்கு தங்கம். அன்றைய கிராம் விலையும் கடைக்குக் கடை பெரிதாக மாறாது. மாறுவது வேலைக்கூலி, இங்கே எல்லாரும் ‘உப்பா’ என்று சொல்வது. கிராமுக்கு 8 ரிங்கிட் வித்தியாசம் என்றால் 20 கிராம் சங்கிலியில் 160 ரிங்கிட்.

ஆகவே இது அசேலின் நான்காவது வகை: வாங்கியபின் வரும் மன உறுத்தலைக் குறைக்கப் பார்க்கும் நடத்தை. அதற்கான சாட்சி கடைக்கு வெளியேதான் இருக்கிறது. பணம் கட்டிவிட்டு வந்தவர் அடுத்த கடையின் விலைப்பலகையில் நின்று கண்ணை ஓட்டுவார். வீட்டுக்கு வந்த அத்தை பெட்டியைத் திறந்ததும் “உப்பா எவ்வளவு போட்டான்?” என்று கேட்பார். உளவியலாளர் லியோன் பெஸ்டிங்கர் 1957ல் எழுதிய மன முரண்பாட்டுக் கொள்கையை விளக்க இந்த ஒரு வரி போதும். இனி விற்பவர் பக்கம்: ரசீதில் எடை, கிராம் விலை, உப்பா மூன்றையும் தனித்தனியாக அச்சடிப்பது, பழைய நகையைத் திரும்ப எடுக்கும் நிபந்தனையை எழுத்தில் கொடுப்பது, ஒரு வாரத்தில் ஒரு போன் போட்டு விசாரிப்பது. மூன்றும் அத்தையின் கேள்விக்கு முன்கூட்டியே கொடுக்கும் பதில்கள். இதற்கு மேலும் புள்ளி வேண்டுமானால் உங்கள் வாதத்தை நீங்களே மறுத்துப் பாருங்கள்: கோயில் வேலைப்பாட்டு ஆரம் என்று வந்துவிட்டால் டிசைன் கடைக்குக் கடை மாறும், வேறுபாடு அதிகமாகும், அதே தங்கம் சிக்கலான வகைக்குத் தாவிவிடும்.

வாங்கும் முடிவில் குடும்பத்தில் யாருக்கு என்ன பங்கு என்பதும் அதே கடை மேசையில் கிடக்கிறது. பெண் கைப்பேசியில் டிசைன் காட்டுகிறாள், பாட்டி கையில் வைத்து எடை பார்க்கிறார், அம்மா தலையசைத்தால்தான் முடிவு, அப்பா கார்டை நீட்டுகிறார். ‘அப்பா பணம் கட்டுவதால் அவரே முடிவெடுப்பவர்’ என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. விவரம் தெரிந்த விற்பனையாளர் தட்டைப் பெண் முன்னால் வைப்பார், விலையை அம்மாவிடம் சொல்வார்.

மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிய உளவியலாளர் மாஸ்லோவைத் தொடாமல் யாரும் விடைத்தாளைக் கொடுப்பதில்லை. 1943ல் வந்த அவருடைய கட்டுரையில் அந்த முக்கோணம் கிடையாது. மற்றவர்கள் பிறகு வரைந்தது. ஒரு படி முழுக்க நிறைந்தபின்தான் அடுத்தது என்றும் அவர் சொல்லவில்லை, விதிவிலக்குகளைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். சேமிப்பு மெலிந்த குடும்பமும் தைப்பூசக் காவடிக்குக் குறை வைக்காமல் செலவழிப்பதை அந்தப் படிக்கட்டால் மட்டும் விளக்க முடியாது. அதைச் சுட்டிக்காட்டி நான்கு வரி எழுதுங்கள். படம் வரைவதில் போகும் ஐந்து நிமிடம் மிச்சம்.

இழப்பு வெறுப்பு பற்றிக் கேட்டால் பினாங்குக்காரர்களுக்கு எடுத்துக்காட்டு கைமேல் இருக்கிறது. பிளாஸ்டிக் பை இலவசமில்லை என்பது அங்கே 2009ல் திங்கட்கிழமைகளில் தொடங்கி, 2011 முதல் எல்லா நாளும் ஆனது. அப்போது பை வேண்டுமென்றால் 20 சென். ஐந்து ரிங்கிட் தேநீருக்கு யோசிக்காதவர் 20 சென்னுக்காகச் சாமானை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு காருக்கு நடந்தார். உளவியலாளர்கள் கானமன், டிவெர்ஸ்கி இருவரும் 1979ல் சொன்னது இதைத்தான்: பெறுவதன் மகிழ்ச்சியைவிட இழப்பதன் வலி கூடுதல். அமெரிக்காவில் வாஷிங்டன் வட்டாரக் கடைகளில் செய்த ஆய்வு இதற்கு நல்ல துணை. பைக்கு 5 சென்ட் வரி போட்டபோது பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. சொந்தப் பை கொண்டுவந்தால் 5 சென்ட் தள்ளுபடி என்றபோது ஏறக்குறைய எதுவும் மாறவில்லை. தொகை ஒன்றேதான்.

ஜாம் ஆய்வை எழுதுபவர்கள் கவனம். 2000ல் ஐயங்காரும் லெப்பரும் வெளியிட்டதில், கடையில் ருசி பார்க்க 24 வகை ஜாம் வைத்த மேசையில் நின்றவர்களில் 3 விழுக்காட்டினரும் 6 வகை வைத்ததில் 30 விழுக்காட்டினரும் வாங்கினார்கள். ‘தேர்வு அதிகமானால் விற்பனை குறையும்’ என்று அதைச் சட்டமாக்கிவிடாதீர்கள். இதே மாதிரிச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2010 ஆய்வில் சராசரி விளைவு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வந்தது. இந்த இரண்டாவது வரியையும் எழுதுபவரின் விடை தனியாகத் தெரியும்.

புத்தகம் அமெரிக்கப் புத்தகம் என்பதையும் மறக்கக்கூடாது. 9.99 என்ற விலை உத்தியை அப்படியே நகலெடுப்பவர்கள், இங்கே 2008 ஏப்ரல் முதல் ரொக்கப் பணத்துக்கு மொத்தத் தொகையை 5 சென்னுக்கு முழுமைப்படுத்துகிறார்கள் என்பதைச் சேர்த்தால் ஒரு புள்ளி கூடும். நம் கடைகளில் 9.90 அதிகம் கண்ணில் படுவதும் தற்செயல் ஆகாது. சூழ்நிலைக் காரணிக்கு 2018ஐ எடுங்கள். ஜூன் 1ல் ஜிஎஸ்டி என்ற பொருள், சேவை வரி பூஜ்ஜியமானது, செப்டம்பர் 1ல் எஸ்எஸ்டி என்ற விற்பனை, சேவை வரி வந்தது. இடைப்பட்ட மூன்று மாதத்தில் கார் வாங்க நினைத்தவர் முடிவை முன்னுக்கு இழுத்தார். அரிசி வாங்குபவர் மூன்று மாதச் சோற்றை முன்கூட்டியே சாப்பிட முடியாது. வாங்கியபின் புகார் செய்யும் நடத்தைக்குப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999ம் அதன் கீழ் உள்ள தீர்ப்பாயமும் போதும்: 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கை, பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்.

துணைப் பண்பாடு என்று வந்தால் ‘இந்தியர்கள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். புரட்டாசி மாதம், செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை, பல தமிழ் வீடுகளில் கறி, மீன் நின்றுவிடும். அதே தெருவில் இருக்கும் பஞ்சாபிக் குடும்பத்துக்கும் இந்திய முஸ்லிம் குடும்பத்துக்கும் அது சாதாரண மாதம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் அந்த நான்கு வாரம் சைவப் பட்டியலை முன்னால் வைக்கிறார் என்றால், சந்தைக் கூறாக்கத்தை, அதாவது வாங்குபவர்களைக் குழுவாகப் பிரிப்பதை, நாட்காட்டியை வைத்துச் செய்கிறார்.

ஒரு பத்தி எப்படி இருக்கவேண்டும் என்று இரண்டை அருகருகே வைத்துப் பாருங்கள். கேள்வி: வீட்டில் பலகாரம் செய்து விற்கும் சிறுதொழிலுக்கு, உணரப்படும் இடர் பற்றிய அறிவு எப்படி உதவும்?

முதல் விடை: “வாடிக்கையாளர்களுக்குப் பல வகை இடர்கள் உள்ளன. அவை பண இடர், செயல்திறன் இடர், சமூக இடர். எனவே தொழில்முனைவர் வாடிக்கையாளரைப் புரிந்துகொண்டு தரமான சேவை வழங்கவேண்டும்.”

இரண்டாவது: “வாட்சாப்பில் தீபாவளி முறுக்கு ஆர்டர் எடுப்பவரிடம் முதல் முறை வாங்குபவருக்கு இரண்டு பயம். முன்பணம் போனால் சரக்கு வருமா என்பது பண இடர். விருந்தாளி முன்னால் வைத்த முறுக்கு நமுத்துப்போயிருந்தால் என்பது சமூக இடர். தீபாவளிக்கு நான்கு வாரம் முன்பே 200 கிராம் பொட்டலம் விற்றால் இரண்டாவது பயம் குறையும். முழு ஆர்டருக்குப் பாதிப் பணம் மட்டும் வாங்கினால் முதலாவது குறையும். பழைய வாடிக்கையாளருக்கு இவை தேவையில்லை. அவருக்கு நினைவூட்டல் செய்தி போதும்.”

இரண்டாவதில் வரையறை ஒன்றுகூட இல்லை. இருந்தும் கொள்கை தெரிந்த கை எழுதியது என்று தெரிகிறது.

நேரக் கணக்கு எளிது. மூன்று மணி நேரத்தில் நான்கு கேள்வி என்றால் வாசிக்கவும் தேர்ந்தெடுக்கவும் 12 நிமிடம், கேள்விக்கு 40, கடைசியில் 8 மிச்சம். நாற்பதில் முதல் நான்கு நிமிடம் ஓரத்தில் குறிப்பு: யார் வாங்குகிறார், எந்தக் கொள்கை, விற்பவரின் முடிவு, ஒரு மறுப்பு. ஏவல் சொல்லைப் பாருங்கள். ‘தெராங்கான்’ என்றால் விளக்கினால் போதும், மறுப்பு எழுதி நேரத்தை வீணாக்கவேண்டாம். ‘பிஞ்சாங்கான்’, அதாவது விவாதிக்க, என்றால் மறுப்பு இல்லாமல் விடை நிறைவடையாது.

இடுபணியில், அதாவது செய்து ஒப்படைக்கும் ஆய்வு வேலையில்தான், பலர் கோட்டைவிடுகிறார்கள். வழக்கமான கதை: கூகள் படிவம் ஒன்று தயாரித்து வகுப்பு வாட்சாப் குழுவில் போட்டு, வந்த 50 பதிலை வைத்து ‘கோலாலம்பூர்ப் பயனீட்டாளர்கள்’ என்று முடிவு எழுதுவது. அந்த ஐம்பது பேரும் 20 முதல் 23 வயது மாணவர்கள். மளிகை வாங்குவது அவர்களுடைய அம்மாக்கள். ஆய்வுத் தலைப்பிலேயே வயதையும் இடத்தையும் சுருக்கிவிட்டால் இந்தக் குறை பாதி தீரும்.

கேள்விகளிலும் மூன்று பிழை திரும்பத் திரும்ப வரும். ‘விலையும் தரமும் உங்களுக்குத் திருப்தியா?’ என்று இரண்டை ஒன்றாகக் கேட்பது. ‘பாரம்பரியத் தமிழ்க் கடைகளை ஆதரிக்கிறீர்களா?’ என்று பதிலைக் கேள்வியிலேயே வைத்துக் கேட்பது. யார் இல்லை என்று சொல்வார்? ‘மாதத்துக்கு எத்தனை முறை வாங்குவீர்கள்?’ என்று பழக்கத்தைக் கேட்பது, வருவது ஊகம்தான். அதற்குப் பதில் ‘கடைசியாக எப்போது, எந்தக் கடையில், எவ்வளவுக்கு வாங்கினீர்கள்?’ என்று கேளுங்கள். முதலில் ஐந்து பேரிடம் ஓட்டிப் பாருங்கள். அவர்களில் இருவர் ஒரே கேள்வியில் தயங்கினால் அந்தக் கேள்வியை மாற்றுங்கள். வயதானவர்களுக்குத் தமிழில் வாய்விட்டுக் கேட்டு நீங்களே நிரப்புங்கள். ஆங்கிலப் படிவத்தை நீட்டினால் நடுவில் உள்ள மூன்றாம் கட்டத்தையே வரிசையாக டிக் போட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

படிவத்தோடு நேரடிக் கவனிப்பையும் சேர்த்தால் அறிக்கை கனக்கும். சனிக்கிழமை மாலை 5 முதல் 7, செவ்வாய் காலை 10 முதல் 12, இரண்டு தடவை போதும். ஒரு தாளில் ஆறு நெடுவரிசை போடுங்கள்: எத்தனை பேர் சேர்ந்து வந்தார்கள், யார் முதலில் பொருளைத் தொட்டார், யார் விலை கேட்டார், யார் பணம் கட்டினார், எத்தனை நிமிடம் நின்றார்கள், வாங்கினார்களா. படிவத்தில் ‘தரம்தான் முக்கியம்’ என்று எழுதியவர்கள் கடையில் முதலில் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்ப்பதை நீங்களே எண்ணலாம். சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள அந்த இடைவெளியை இரண்டு அட்டவணையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உங்கள் விவாதப் பகுதி அங்கேயே தொடங்கிவிடும். கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு பக்கக் கடிதம் கொடுத்து அனுமதி வாங்குங்கள், கையெழுத்திட்ட நகலைப் பின்னிணைப்பில் வையுங்கள். வாடிக்கையாளர் முகத்தைப் படம் எடுக்கவேண்டாம். பென்சிலும் அந்த ஆறு நெடுவரிசைத் தாளும் இருந்தால் வேலை நடக்கும்.