அட்டை கறுத்தால் மட்டும் போதுமா?

கரும்பு ஆலை ஒன்றின் ஒட்டுண்ணி உற்பத்திக் கூடத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். குளவி வளர்க்கிற இடம் என்று பெயர், ஆனால் நாள் முழுக்க நாங்கள் வளர்ப்பது அரிசி அந்துப்பூச்சியைத்தான். உடைத்த கம்புத் தானியத்தில் நிலக்கடலைப் பொடியும் ஈஸ்ட்டும் கலந்து, அதில் முட்டை தூவி, புழு வளர்ந்து அந்தாக வெளிவந்ததும் பிடித்து முட்டையிட வைத்து, அந்த முட்டையைச் சலித்து, புற ஊதா விளக்கில் வைத்துக் கருவைச் சாகடித்து, பிசின் தடவிய அட்டையில் தூவிய பிறகுதான் பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கிற டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் என்ற நுண்ணிய குளவிக்கே வேலை வரும். அந்தின் செதில் தூசி மூக்கில் ஏறும், மாஸ்க் இல்லாமல் உள்ளே நிற்க முடியாது.

மூன்று நான்கு நாளில் முட்டை கறுக்கும். கறுத்தால் உள்ளே குளவி வளர்கிறது என்று அர்த்தம். அதை வைத்து இத்தனை சிசி (முட்டையின் கன அளவு) உற்பத்தி என்று கணக்கு எழுதி, கரும்பைத் துளைக்கிற இடைக்கணுப் புழுவுக்காக கரும்பின் 4ஆம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை வயலில் கட்ட அட்டையைக் கொடுத்துவிடுவோம். ஒருமுறை ஒரு விவசாயி, "சார், அட்டை நல்லாத்தான் கறுத்திருந்துச்சு, புழு குறையலையே" என்றார். நியாயமான கேள்வி. முட்டை கறுத்தது என்பது உள்ளே ஏதோ ஒரு குளவி இருப்பதைத்தான் சொல்லும், எப்படிப்பட்ட குளவி என்று சொல்லாது.

இந்தக் குளவிக்கு வளரும் பருவம் முழுக்கச் சாப்பாடு அந்த ஒரு முட்டைதான். அதில் இருக்கிற அளவுக்குத்தான் உடம்பு. உடம்பு சிறுத்தால் அது இடுகிற முட்டையும் குறையும், ஆயுளும் குறையும். தாய்க்குளவி முட்டையின் மேல் நடந்து பார்த்தே அளவெடுக்கிறது. கடக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து உள்ளே எத்தனை வைக்கலாம் என்று முடிவு செய்கிறது. கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்றது பெண்ணாகும், அதனால் மகனா மகளா என்பதும் பெருமளவு அதன் கையில். சின்ன முட்டை, அல்லது ஏற்கனவே வேறு குளவி முட்டையிட்ட முட்டை என்றால் ஆண்கள் கூடும். வயலில் புழுவின் முட்டையைத் தேடிப் போவது பெண்தானே! ஒரே முட்டையில் பல குளவிகள் முட்டையிடாதபடி, ஆறு பங்கு புது முட்டைக்கு ஒரு பங்கு கறுத்த முட்டை என்ற அளவை நாங்கள் விடாப்பிடியாகக் காப்பது இதனால்தான்.

ஓம்புயிர், அதாவது குளவி எந்தப் பூச்சியின் முட்டையில் வளர்கிறதோ அது, மாறினால் உருவமே மாறும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் சால்ட் 1937இல் வெளியிட்டது. டிரைக்கோகிரம்மா செம்ப்ளிடிஸ் என்ற இனத்தில், அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்த ஆணுக்கு இறக்கை இருந்தது, நீரோரம் வாழும் சியாலிஸ் பூச்சியின் முட்டையில் வளர்ந்த ஆணுக்கு இல்லை. ஒரே இனம்தான், சாப்பிட்ட முட்டைதான் வேறு. சீனாவில் ஓக் பட்டுப்பூச்சியின் பெரிய முட்டையில் வளர்க்கிறார்கள், ஒன்றிலிருந்தே டஜன் கணக்கில் குளவி வரும். ஆனால் டிரைக்கோகிரம்மா ஆஸ்ட்ரினியே என்ற இனத்துக்கு அந்தத் தடித்த ஓட்டைத் துளைத்து வெளியே வர முடியவில்லை. எல்லாக் குளவிக்கும் ஏற்ற முட்டை என்று ஒன்று இல்லை.

அரிசி அந்து முட்டை மலிவு, வருடம் முழுக்கக் கிடைக்கும், அதை விட முடியாது, விடவும் சொல்லவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் குழாய்க்குள், பக்கத்திலேயே கிடைக்கிற முட்டையில் வளர்ந்த குளவியைத் தோகைக் காட்டுக்குள் விட்டுத் தேடச் சொல்கிறோம். அதனால் நான் அவ்வப்போது வயலில் கறுத்துக் கிடக்கும் இடைக்கணுப் புழு முட்டைகளைக் கொண்டுவந்து, அதிலிருந்து வரும் குளவியை இனம் பார்த்துத் தாய்க் கூட்டத்தில் சேர்க்கிறேன். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு துண்டு அட்டையைக் கண்ணாடிக் குப்பியில் வைத்து, எத்தனை வெளிவந்தன, எத்தனை பெண், இறக்கை சுருங்கியது எத்தனை என்று லென்ஸில் எண்ணுகிறேன்; ஆணின் உணர்கொம்பில் நீண்ட மயிர் இருக்கும், பெண்ணுக்கு நுனி தடித்திருக்கும், பழகினால் கஷ்டமில்லை. அந்த எண்ணிக்கையை அட்டையின் பின்பக்கம் போட்டுக் கொடுங்கள் என்று மேலே கேட்டுக்கொண்டே இருக்கிறேன், உற்பத்திப் பதிவேட்டில் இன்னும் சிசிக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது.