உள்ளமை கிராபிக்ஸைத் தாரைவார்க்கும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் வீட்டு சர்வர் வைத்திருப்போரிடம் பெரும்பாலும் இருப்பது, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட சிறிய கணினிதான். அதில் தனி கிராபிக்ஸ் அட்டை செருக இடமிராது. இன்டெல் செயலிக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்தான் கதி. என்னுடையது எட்டாம் தலைமுறை ஐ5 செயலி, அதிலுள்ள கிராபிக்ஸ் யூஎச்டி 630. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாக் காணொளிகள் எச்.265 என்ற சுருக்க வடிவில் உள்ளன. அவ்வடிவம் தெரியாத பெரியம்மா வீட்டுத் தொலைக்காட்சிக்கு ஜெலிஃபின் என்ற ஊடக சர்வர் மென்பொருள் வழியாக மாற்றி அனுப்பவே, ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் புரொக்ஸ்மாக்ஸில், அப்படி மென்பொருளால் உருவான கணினி ஒன்றுக்கு அந்தக் கிராபிக்ஸைக் கொடுத்தேன்.

முதலில் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் விடி-டி (VT-d) தெரிவை இயக்க வேண்டும். மெய்நிகர் கணினி ஏற்கெனவே ஓடுகிறது என்பதால் இதுவும் இயங்குகிறது என்று எண்ணிவிடக் கூடாது; மெய்நிகர் கணினி ஓடச் செயலியின் விடி-எக்ஸ் (VT-x) வசதி மட்டும் போதும், ஆனால் ஒரு கருவி நினைவகத்தின் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று வரையறுப்பது விடி-டிதான். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 6.8-க்கு முந்தையதாக இருந்தால், அதைத் தொடங்கும் கட்டளை வரியிலும் இதைக் குறிப்பிட வேண்டும்.

கணினி எழும்போது இன்டெல் கிராபிக்ஸை இயக்கும் ஐ915 டிரைவர் முந்திக்கொண்டு கிராபிக்ஸைப் பிடித்துவிடும் என்பதால், அதைத் தடைப்பட்டியலில் சேர்த்து, 00:02.0 முகவரியில் இருக்கும் அக்கருவியின் அடையாள எண்ணை கருவிகளை மெய்நிகர் கணினிக்குக் கடத்தும் விஎஃப்ஐஓ டிரைவரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த எண்ணின் முற்பாதி 8086. 1978-இல் வெளியிட்ட செயலியின் பெயரையே இன்டெல் தன் அடையாளமாக வைத்துக்கொண்ட குறும்பு எனக்குப் பிடிக்கும். கணினி எழும்போது முதலில் ஏறும் தொடக்கப் படிமத்தைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்தால், திரை சில தொடக்க வரிகளோடு உறைந்து நிற்கும் அல்லது இருண்டுவிடும். அது பழுதன்று, மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் தாய்க்கணினிக்கு இனித் திரையே கிடையாது. ஆகவே வேறொரு கணினியிலிருந்து தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய முடிகிறதா என்பதை முன்பே சோதித்துக்கொள்வது கட்டாயம்.

இன்னொரு விலையும் உண்டு. கருவியை நேரடியாகக் கொடுத்த மெய்நிகர் கணினிக்கு ஒதுக்கிய நினைவகம் முழுவதும் பூட்டப்பட்டுவிடும். தேவைக்கேற்பச் சுருக்கவோ விரிக்கவோ இயலாது. 8 ஜிபி மட்டுமே உள்ள இயந்திரத்தில் இது உறைக்கும்.

முழுமையாகக் கொடுக்காமல் பங்கிட விரும்புவோருக்கு, ஐந்தாம் தலைமுறை முதல் பத்தாம் தலைமுறையின் ஒரு பகுதி வரை ஜிவிடி-ஜி என்ற பங்கீட்டு வசதி உண்டு. பன்னிரண்டாம் தலைமுறையிலிருந்து எஸ்ஆர்-ஐஓவி என்ற வேறொரு பங்கீட்டு முறை அந்த இடத்துக்கு வந்தது. ஆனால் காணொளி மாற்றம் மட்டுமே நோக்கமென்றால் இவை எதுவும் வேண்டியதில்லை என்பதே என் கருத்து: தாய்க்கணினியின் கெர்னலையே பயன்படுத்தும் லினக்ஸ் கண்டெய்னர் ஒன்றில் ஜெலிஃபினை நிறுவி, தாய்க்கணினியில் கிராபிக்ஸைக் குறிக்கும் கருவிக் கோப்பைப் பகிர்ந்தால், இன்டெலின் காணொளி மாற்று வசதியான குயிக் சிங்க் ஓடும், திரையும் போகாது. அந்த மெய்நிகர் கணினியில் விண்டோஸ் மென்பொருள் ஒன்றும் ஓட வேண்டியிருந்ததால்தான் நான் தாரைவார்த்தேன். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியூ பக்கத்தைப் பாருங்கள்; காணொளி ஓடும்போது 'வீடியோ டிகோட்' கோடு உயர்ந்து, செயலியின் கோடு தாழ்ந்தே இருந்தால் கிராபிக்ஸ் உண்மையில் வேலை செய்கிறது.