சீன்கார அண்ணையும் வச்சிரப் பானையும்

எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் பிரதான மண்டபத்து மேடை மறந்திருக்காது. மேடையின் பின்பக்கம் மூங்கிலில் சுருட்டிக் கட்டியிருந்த ஐந்து சீன்களும், அதாவது நாடகத்துக்குப் பின்னால் தொங்கவிடும் கீறிய திரைகளும், மறந்திருக்காது: தர்பார், தெரு, காடு, பூந்தோட்டம், மயானம். பரிசளிப்பு விழாவோ தமிழ்த்தினமோ மாணவர் இல்லங்களின் நாடகப் போட்டியோ, எந்தக் கதையும் இந்த ஐந்துக்குள்தான் நடந்தாக வேண்டும். அவற்றைக் கீறியவர் சித்திர ஆசிரியர் அல்ல, விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஓவியம் என்று எவரிடமும் போய்ப் பழகாதவர். மாணவர்களுக்கு அவர் ‘சீன்கார அண்ணை’. தான் கீறிய எதிலும் ஒருநாளும் பெயர் எழுதாதவர் என்பதால் இங்கேயும் பெயரை எழுதவில்லை. இந்தப் பள்ளி மலரை வாசிப்பவர்களுக்கு ஆளைத் தெரியும்.

அதிபர்களைப் பற்றியும் ஆசிரியர்களைப் பற்றியும் எங்கள் மலர்களில் நிறைய வந்துவிட்டது. அண்ணை எதை எதோடு கலந்தார், எங்கே பிழை விட்டார், அந்தப் பிழையிலிருந்து எதைப் பிடித்துக்கொண்டார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. சீன்கள் இன்று இல்லை. செய்த முறையாவது எழுத்தில் நிற்க வேண்டும்.

அவருடைய முதற் பாடப்புத்தகம் சுவரில் தொங்கிய சாமிப் படங்கள். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்துப் படங்களும், அந்தப் பாணியில் பின்னால் வந்த கலண்டர் படங்களும் யாழ்ப்பாணத்து வீடுகளுக்குள் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டன. ரவிவர்மாவே எண்ணெய் வர்ணத்தைப் பெரும்பாலும் தானாகக் கற்றவர். 1868இல் திருவிதாங்கூர் அரண்மனைக்குப் படம் கீற வந்த தியோடர் ஜென்சன் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். அண்ணை இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், “பார்க்க விட்டானே, அது காணும்” என்பார். கொழும்பில் 1943இல் ‘43 குழு’ என்ற ஓவியர் குழு உருவாகிப் புதிய ஓவியம் பேசப்பட்டது. அந்தப் பேச்சு எதுவும் அவர் இருந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

கரியை அவரே சுட்டார். பென்சில் தடிப்பில் புளியங்கொப்பு வெட்டி, தோலை உரித்து, பால்மாத் தகர ரின்னுக்குள் நெருக்கமாக நிறுத்தி, மூடியில் ஆணியால் ஒரே ஓர் ஓட்டை போட்டு நெருப்புக்குள் வைப்பார். ஓட்டையால் புகை வருவது நின்றதும் ரின்னை வெளியே எடுத்து விடுவார். ஆனால் ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே இருப்பதெல்லாம் சாம்பலாகிவிடும். அவருடைய முதல் மூன்று ரின்களும் அப்படித்தான் போயின. பழகிய துணி கோதுமை மாச் சாக்கு. சவர்க்காரமும் சலவைச் சோடாவும் போட்டு இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் அவித்துத் தோய்த்தால் அச்செழுத்துப் போய்விடும்.

சீனுக்கு வந்தபோது துணி பெரிதாயிற்று: அகலம் 20 அடி, உயரம் 12 அடி. கடையில் வரும் துணி 36 அங்குல அகலம். நான்கு பட்டியைச் சேர்த்தால் கணக்குக்கு 12 அடி வரும். தையலுக்கும் பசை பட்டுச் சுருங்குவதற்கும் போக வராது. ஐந்தாவது பட்டியில் பாதியை வெட்டி, கீழே மூங்கில் சுற்றும் பக்கமாக வைத்துத் தைத்தார். தையல் எப்போதும் கிடையாக ஓட வேண்டும். முதற் சீனில் நிமிர்த்தித் தைத்துவிட்டார். ஒரு பள்ளித் தவணை தொங்கிய பிறகு தையலோரம் முழுக்கச் சுருக்கம் விழுந்து, தர்பாரின் தூண்கள் நெளிந்து நின்றன. கிடையாகத் தைத்தால் கீழே இருக்கும் மூங்கிலின் பாரமே துணியை இழுத்துச் சமமாக்கிவிடும்.

படத்தை முதலில் தாளில் 10 அங்குலத்துக்கு 6 அங்குலமாகக் கீறி, ஓர் அங்குலக் கட்டங்கள் போடுவார். துணியில் அதே 60 கட்டங்கள், ஒவ்வொன்றும் 2 அடி. தச்சர்கள் செய்வதுபோல நூலில் கரித்தூள் தேய்த்து, இரண்டு பையன்கள் இரு முனையையும் இழுத்துப் பிடிக்க, நடுவில் கிள்ளி விடுவார். கோடு விழும். முகம், கை வரும் கட்டங்களை மட்டும் 6 அங்குலமாகப் பிரிப்பார். உருவம் முழுக்க வந்ததும் வெறுந்துணியால் தட்டிக் கரியை உதிர்த்துவிட வேண்டும். உதிர்க்காமல் மேலே வெளிர்நீலம் போட்டால் கரி நிறத்தோடு கலந்து வானம் அழுக்காகிவிடும்.

நிறத்தில்தான் அவர் கூடிய காலம் திண்டாடினார். காசு மிச்சம் என்று முதல் வெள்ளைக்குச் சுண்ணாம்பு எடுத்தார். அதில் கலந்த பிரஷ்ய நீலம் சில நாளில் திட்டுத் திட்டாகப் பழுப்பேறியது. மஞ்சள் தூளைச் சேர்த்துப் பார்த்தார், கலந்த கையோடு சிவந்தது. ஆய்வுகூடத்தில் நிற்பவர் என்பதால் அமிலமா காரமா என்று காட்டும் பாசிச்சாயத் தாளை எடுத்துத் தொட்டுப் பார்த்தார். சுண்ணாம்பு காரம். காரம் பட்டால் பிரஷ்ய நீலம் கெடும், மஞ்சள் சிவக்கும். அதன்பின் சுண்ணாம்பை மண்டபத்துச் சுவருக்கு விட்டுவிட்டு, கண்ணாடி பொருத்தும் புட்டிப் பசைக்குச் சேர்க்கும் சோக்குப் பொடியை வெள்ளையாக எடுத்தார். நீலத்துக்குச் சலவை நீலக் கட்டி; அந்த நாளில் அது அல்ட்ராமரீன் என்ற நீலத்தூள், காரத்துக்கு அசையாதது. சிவப்புக்குக் காவி, மஞ்சளுக்கு மஞ்சட்காவி. மஞ்சள் தூளை அடியோடு கைவிட்டார், வெயில் பட்டால் அது நிற்காது. கறுப்புக்கு விளக்குக்கரி. விளக்குக்கரி தண்ணீரில் நனையாமல் மேலே மிதக்கும். ஆய்வுகூடத்து ஸ்பிரிற்றில் நாலு சொட்டு விட்டுக் குழைத்தால் அடங்கும்.

இவ்வளவையும் துணியில் பிடித்து வைத்தது வச்சிரம். தச்சர்கள் பலகை ஒட்டும் அந்தத் தோற்பசைதான். கட்டியை உடைத்து இரவு பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுவார். காலையில் அது வீங்கி மெத்தென்றிருக்கும். பெரிய பானையில் தண்ணீரைச் சூடாக்கி, அதற்குள் ஒரு பால்மா ரின்னை இறக்கி, ரின்னுக்குள் வச்சிரத்தைக் கரைப்பார். நேரே அடுப்பில் வைத்ததே இல்லை. கொதித்த வச்சிரம் ஒட்டும் வலுவை இழந்துவிடும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. துணிக்கு முதற் பூச்சாக ஒரு பங்கு வச்சிரத்துக்கு 12 முதல் 15 பங்கு தண்ணீர். நிறம் கலக்க அதைவிடச் சற்று இளக்கம்.

பதம் பார்க்கும் விதத்தை ஆய்வுகூட விறாந்தையில் நின்று பார்த்தவர்கள் அநேகம். ரின்னுக்குள் பெருவிரலையும் சுட்டுவிரலையும் தோய்த்து எடுப்பார். இரண்டையும் சேர்த்து அழுத்துவார், விடுவார், திரும்ப அழுத்துவார். ஏழெட்டுத் தரத்தில் விரல் மெல்ல ஒட்டிப் பிரிந்தால் சரி. ஒட்டவே இல்லையென்றால் இளக்கம். இரண்டாம் தரத்திலேயே பிடித்தால் கூடிப்போயிற்று. ஆறவைத்து நடுங்கும் கூழாக உறைகிறதா என்று பார்க்கச் சொல்லி ஒரு பழைய கைந்நூலில் இருந்ததை நம்பி ஒருமுறை கெட்டார். குளிர்நாட்டுக்காரர் எழுதிய கணக்கு அது. எங்கள் வெக்கையில் இளக்கமான வச்சிரம் உறையாது. உறையவில்லையே என்று அவர் மேலும் மேலும் வச்சிரம் போட, காய்ந்த சீன் பளபளத்து, சுருட்டியபோது மடிப்பு மடிப்பாக வெடித்துப் பொருக்காக உதிர்ந்தது. மறுமுறை பயந்து குறைத்தார். காடு முழுவதும் வேடனாக நடித்த பையனின் வெள்ளைச் சால்வையில் ஏறிக்கொண்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான இடத்தைப் பிடிக்க அவருக்கு மூன்று சீன் செலவாயிற்று.

கரைத்த வச்சிரம் மூன்றாம் நாள் நாறும். நாறினால் ஒட்டாது, கொட்ட வேண்டியதுதான். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கரைப்பார்.

துணியைத் தரையில் விரித்து, நாலு பக்கமும் ஆணியடித்து இழுத்து, மேலே நடந்துகொண்டே பூசுவார். தாழை விழுதின் நுனியைத் தட்டி நாராக்கி, 4 அடித் தடியில் கட்டியதுதான் பெரிய தூரிகை. வச்சிர நிறம் ஈரத்தில் ஒன்று, காய்ந்தால் வேறொன்று, நன்றாக வெளிறும். ஒவ்வொரு நிறத்தையும் பழைய துணித்துண்டில் தொட்டு வைத்து, ஸ்பிரிற் விளக்குக்கு மேலே காட்டிக் காயவைத்துப் பார்த்த பிறகுதான் வாளியில் தூரிகையை வைப்பார். ஒருதரம் இழுத்த இடத்தில் திரும்பத் தேய்க்கக் கூடாது. அடியிலிருக்கும் பூச்சு மேற்பூச்சின் ஈரத்தில் கரைந்து கலங்கிவிடும். சித்திரம் பழக வந்த மாணவர்கள் எல்லாரும் விட்ட பிழை இது. அவர் கத்தமாட்டார், தூரிகையை மெல்ல வாங்கிக்கொள்வார்.

தர்பாரில் அடிவான மட்டத்தை முதலில் 8 அடி உயரத்தில் வைத்துவிட்டார். தரையின் சதுரக் கற்கள் மேட்டில் ஏறுவதுபோல ஏறின; முன்னால் வந்து நின்ற அரசன் குழிக்குள் நிற்பதுபோல இருந்தான். பெரிய மேசையை வாசலில் போட்டு, அதன் விளிம்புகள் பார்வையில் எங்கே போய்ச் சேருகின்றன என்று நூல் பிடித்துப் பார்த்தார். பிறகு மட்டத்தை நடிகர்களின் கண் உயரத்துக்கு, 5 அடிக்கு இறக்கினார். அந்தக் கோட்டில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு நூல். தூணின் உச்சி, தரைக்கல், உத்தரம் எல்லாவற்றுக்கும் அந்த நூலை இழுத்தே கோடு போட்டார். அப்படியும் கீறிய வாசலுக்குப் பக்கத்தில் ஆள் போய் நின்றால் வாசல் நாய்க்கூடுபோலத் தெரியும். அதற்காகத்தான் மேடையில் சீனிலிருந்து 4 அடி தள்ளி ஒரு சோக்குக் கோடு இருந்தது. அந்தக் கோடு எதற்கென்று தெரியாமலே அதைத் தாண்டாமல் நடித்தவர்கள் இதை வாசிக்கிறவர்களில் பலர்.

நிறத்தைப் பகலில் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதையும் மேடைதான் கற்றுக்கொடுத்தது. மண்டபத்து மஞ்சள் மின்குமிழ் வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் மங்கி, காவி தூக்கி நிற்கும். பூந்தோட்டத்தின் பச்சைக்குக் கூடுதலாக நீலம் சேர்ந்தது அதனால்தான். பகலில் அது கண்ணுக்குச் சற்றுக் கடுமையாகத்தான் இருக்கும்.

பழைய அதிபர்களின் உருவப்படம் கேட்கப்பட்டபோது எண்ணெய் வர்ணத்துக்குப் போனார். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. குழாய் வர்ணம் கிடைப்பது அருமை. தூளை ஆளி விதை எண்ணெயில் கண்ணாடித் தகட்டின் மேல் தானே அரைத்தார். முதற் படத்தை வச்சிரம் பூசாத துணியில் நேரே கீறினார். எண்ணெய் நாருக்குள் இறங்கினால் துணி உக்கும். சில வருடத்தில் ஓரத்தை விரலால் அழுத்த இற்றுவிட்டது.

முகத்தில் அவர் கண்டுபிடித்த இரண்டு விடயங்களை எங்கள் சித்திர வகுப்பிலும் எவரும் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. கண் தலையின் சரிபாதியில் இருக்கிறது. பழகாதவர்கள் நெற்றியைச் சுருக்கிக் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். மற்றது எங்கள் தோலின் நிழல். கறுப்பைக் கலந்தால் முகம் சாம்பல் பூசியதுபோலச் செத்துவிடும். சுட்ட காவியோடு நீலத்தை மட்டாகச் சேர்த்தால் நிழலுக்குள்ளும் இரத்தம் ஓடும். முடிந்த முகத்தைக் கண்ணாடியில் பிடித்துப் பார்ப்பார். இடம் வலம் மாறியதும் கோணல் தானாகத் தெரிந்துவிடும். கறுப்புச் சாயல் படியாத அந்த அதிபர்களின் முகங்கள்தான் அவர் செய்ததில் ஆகச் சிறந்தவை என்பது என் எண்ணம். சீன்களைச் சொல்பவர்கள் பலர்; நான் முகங்களையே சொல்வேன்.

1990இல் போரில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்து, மின்சாரமும் நின்றது. வர்ணம் இல்லை, வச்சிரமும் கிடைப்பது அருமை. முதலில் பழகிய கரிக்கும் காவிக்குமே திரும்பினார். வச்சிரம் கிடைக்காதபோது விளாம்பிசினை ஊறவைத்து வடித்து எடுத்தார். பிசின் தனியே காய்ந்தால் மொறுமொறுத்து வெடிக்கும் என்பதால் சில சொட்டுத் தேன் சேர்த்தார். அந்த வருடங்களில் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் கீறிய சின்னப் படங்களைத்தான் ஊரை விட்டுப் போன மாணவர்களுக்குக் கொடுத்தனுப்பினார். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதி முழுதும் போருக்குப் பயந்து வீடுகளை விட்டு எழும்பி நடந்தபோது ஐந்து சீன்களும் மண்டபத்திலேயே நின்றன. அடுத்த வருடம் திரும்பிப் போனவர்கள் கண்டது மூங்கில்களை மட்டும்.

ஆகவே மிச்சம் இருப்பவை வெளிநாடுகளில் எங்கள் வீடுகளில் உள்ள அந்தச் சின்னப் படங்கள்தான். வச்சிரமும் பிசினும் தண்ணீரில் கரைபவை. தயவுசெய்து ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்; தூசி தட்ட உலர்ந்த மெல்லிய தூரிகை போதும். வார்னிஷ் பூச வேண்டாம், சோக்கு வெள்ளை அதைக் குடித்து இருண்டுவிடும். சட்டம் போட்டால் கண்ணாடி படத்தில் முட்டாமல் நடுவில் அட்டை வைக்கச் சொல்லுங்கள். நிலவறையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், வெப்பமூட்டிக்கு மேலே மாட்டினால் பூச்சு காய்ந்து பொருக்கெழும்பும். சுருட்டித்தான் ஆகவேண்டுமென்றால் பூச்சுப் பக்கம் வெளியே இருக்க, குறைந்தது 4 அங்குல விட்டமுள்ள குழாயில் சுருட்டுங்கள்.

படத்தைத் திருப்பியும் பாருங்கள். பின்பக்க மூலையில் பென்சிலால் ‘வ 1 த 14’ என்பதுபோலச் சிறிதாக எழுதியிருக்கும். வச்சிரம் ஒன்று, தண்ணீர் பதினான்கு. பிசினில் செய்ததென்றால் ‘பி’ என்று இருக்கும். முன்பக்கத்தோடு அந்த மூலையையும் படம் பிடித்து மலர்க் குழுவுக்கு அனுப்பி வையுங்கள்.