பெட்டி பழசு, அறை புதுசு

நாடு மாறி வந்தபோது துணிமணியைவிடக் கவனமாகப் பொதிந்து கொண்டுவந்தது ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி, ஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள். வந்து சேர்ந்த ஊரில் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 60 அலை); விட்டு வந்த இடத்தில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபையரின் முதுகிலேயே வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருந்ததால் அது பிழைத்தது. டர்ன்டேபிளுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி 230 கொடுத்தும் குரல் எல்லாம் கீச்சென்று ஓடியது, ஏனென்றால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது, ஏசி மோட்டார் 50க்குப் பதில் 60ஐப் பார்த்ததும் நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 40 சுற்றுகிறது. பெல்ட்டில் ஓடும் வகை என்பதால் 60 ஹெர்ட்ஸுக்கான சின்ன புல்லி மாட்டியதும் சரியாகிவிட்டது.

சத்தம்தான் சரியாகவில்லை. இத்தனை வருஷம் செங்கல் சுவருக்குள் கேட்ட அதே பெட்டிகள், மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த இந்த அறையில் வேறு யாரோ மாதிரி பேசின. தாழ்ந்த ஒலியில் ஒரு பங்கை இந்தச் சுவர் தானே அசைந்து விழுங்கிவிடும், இன்னொரு பங்கு பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். மரத்தரை வேறு கூடவே அதிரும். ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த ரப்பரும் மேலே கல் பலகையும் வைத்தபிறகுதான் அடங்கியது.

அப்புறம் உட்காரும் இடம். அறையின் நீளம் 4 மீட்டர். அந்த நீளத்துக்கு 43 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தேங்கும்: பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கம், வீங்கிக் கேட்கிறது, நட்ட நடுவில் உட்கார்ந்தால் அந்தத் தாழ்ந்த ஒலியே காணாமல் போகிறது. நாற்காலியை ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்தி, பின்சுவரிலிருந்து ஒன்றரை மீட்டரில் நிறுத்தினேன். பெட்டிகளை முன்சுவரிலிருந்து 85 சென்டிமீட்டர் தள்ளி, அவற்றுக்கிடையே 1.9 மீட்டர், ஒவ்வொன்றிலிருந்தும் என் காதுக்கு அதே 1.9, ட்வீட்டர் (பெட்டியில் உயர்ந்த ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில். இந்த முக்கோணம் கொஞ்சம் கோணினாலும் குரல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும், அதனால் டேப்பை வைத்தே அளந்துவிடுங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

பக்கச்சுவருக்குக் கண்ணாடி முறை. நான் நாற்காலியில் இருக்க, மனைவி சுவரோரம் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனாள். அதில் ட்வீட்டர் தெரிந்த இடத்தில்தான் ஒலி முதலில் பட்டுத் திரும்புகிறது. வலப்பக்கம் அந்த இடத்தில் தடித்த கம்பளி விரிப்பை மடித்து, சட்டத்தில் கட்டி, சுவரைத் தொடாமல் நிறுத்தினோம்.

அன்று ராத்திரி தம்புராவின் நாதம் இரண்டு பெட்டிக்கும் அப்பால் விரிந்து நிற்க, குரல் நடுவில் வந்து உட்கார்ந்தது. நாலு மாதமாக வேறு யாருடைய வீட்டிலோ தங்கியிருப்பதுபோல் இருந்த எங்களுக்கு அது போதுமாக இருந்தது, இரண்டு பேரும் பேசாமல் தட்டின் இரண்டு பக்கமும் கேட்டு முடித்தோம். இடப்பக்கம் ஜன்னல், அங்கே விரிப்பு நிற்காது. தடித்த திரை தைக்க அளவெடுத்து வைத்திருக்கிறேன்.